சீனாவோட காவ்காவ் தேர்வு, ஆங்கிலத் தாள்: பத்தி புரிஞ்சும் மார்க் ஏன் போகுது?

[திரை: கால்நடைக் கண்காட்சியின் கோட்டோவியம். மூலையில் "பிளிமத், 1906"]

இங்கிலாந்துல பிளிமத்னு ஒரு ஊர். அங்க ஒரு கால்நடைக் கண்காட்சி. கொழுத்த மாடு ஒண்ணை நிறுத்தி வச்சு, "இதை அறுத்துச் சுத்தம் பண்ணினா எத்தனை பவுண்டு தேறும்?"னு போட்டி வச்சாங்க. ஜனங்க காசு கொடுத்து சீட்டு வாங்கி, ஆளுக்கொரு எண்ணை எழுதிப் போட்டாங்க. பிரான்சிஸ் கால்டன்ங்கிற புள்ளியியல் அறிஞர் அந்தச் சீட்டையெல்லாம் வாங்கிட்டுப் போய்க் கணக்குப் பார்த்தார். படிக்கிற மாதிரி இருந்த சீட்டு 787. வரிசையா அடுக்கி நடுவுல நிக்கிற எண்ணை எடுத்தா 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. தனித்தனியா கன்னாபின்னான்னு தப்பு பண்ணின கூட்டம், மொத்தமாச் சேர்ந்தா கிட்டத்தட்ட சரியாச் சொல்லிடுச்சு.

அவரோட கட்டுரை 1907 மார்ச் 7ஆம் தேதி வெளிவந்தது. சரியா இதே தேதியோட ஆரம்பிக்கிற ஒரு ஆங்கிலப் பத்தியை, 116 வருஷம் கழிச்சு, 2023 ஜூன் 8ஆம் தேதி மத்தியானம் குவாங்டொங், சாந்தோங், ஜியாங்சு மாதிரி பல மாகாணத்துப் பசங்க பரீட்சை ஹால்ல உக்காந்து படிச்சாங்க. சீனாவோட கல்லூரி நுழைவுத் தேர்வு அது. பேரு காவ்காவ். அந்த வருஷம் நாடு முழுக்கப் பதிவு பண்ணினவங்க 1 கோடியே 29 லட்சம் பேர்.

அந்த ஒரு பத்தியை வச்சே இன்னைக்குப் பேசப்போறோம். அதுக்கு முன்னாடி தாளோட அமைப்பைச் சட்டுனு பார்த்துடலாம்.

[திரை: 150 மதிப்பெண் வட்டம், பகுதி பகுதியாகப் பிரிகிறது]

ஆங்கிலத் தாள் 150 மார்க். ரெண்டு மணி நேரம். காதால கேட்டு எழுதுற பகுதி 30 மார்க், வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. இந்தக் கணக்கு "புதிய காவ்காவ்"னு சொல்ற தேசியத் தாளுக்கு. பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் மூணும் தனித்தாள் வச்சிருக்கு. தாய்மொழி, கணக்குக்குச் சமமா வெளிநாட்டு மொழிக்கும் 150. இந்த இடத்துக்கு அது ஒரே நாள்ல வரல. நடுவுல நின்னுபோயிருந்த காவ்காவ் திரும்ப ஆரம்பிச்ச புதுசுல அந்த மார்க்கைப் பெரும்பாலானவங்களுக்கு மொத்தத்துல சேர்க்கவே இல்ல. படிப்படியா ஏத்தி, 1983லதான் முழுசாச் சேர்த்தாங்க. ஆங்கிலமே வேணாம்னு ஜப்பானியம், ரஷ்யன்னு வேற மொழி எடுக்கவும் வழி இருக்கு. எடுக்கிறவங்களும் இருக்காங்க.

வாசிப்புல நாலு பத்தி: ஏ, பி, சி, டி. மொத்தம் 15 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டரை மார்க். அதுக்கப்புறம் அஞ்சு இடம் காலியா விட்ட இன்னொரு பத்தி. கீழ ஏழு வாக்கியம் கொடுத்திருப்பாங்க, அதுல அஞ்சை எடுத்துப் பொருத்தணும். "ஏழுல அஞ்சு"ன்னே அதுக்குப் பேரு.

ஏ பத்தி எப்பவும் லேசு. விளம்பரம், சுற்றுலா அறிவிப்பு, கட்டணப் பட்டியல், இப்படி ஏதாவது வரும். 2023ல ஆம்ஸ்டர்டாம்ல சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறது. பி பெரும்பாலும் ஒரு மனுஷரோட கதை. அந்த வருஷம் ஜான் டாட்னு ஒருத்தர், செடியையும் நுண்ணுயிரையும் வச்சே கழிவுநீரைச் சுத்தம் பண்றவர். அதுல நடுவுல ஃபூச்சோ நகரத்துக் கால்வாய் வருது. ஃபூஜியான் மாகாணத்துப் பசங்களும் இதே தாள்தான் எழுதினாங்க. தங்க தலைநகரத்தோட பேரை ஆங்கிலப் பத்தியில பார்த்ததும் ஒரு நொடி நிமிர்ந்து உக்காந்திருப்பாங்க. ஆனா கேட்ட கேள்வி ஊரைப் பத்தி இல்ல. "ஆசிரியர் ஃபூச்சோவை எதுக்கு இங்க இழுக்கிறார்?"ங்கிறது கேள்வி. டாட்டோட யோசனை நடைமுறையில வேலை செஞ்சதைக் காட்டத்தான். ஊர்ப் பாசத்துல மூழ்கினா ரெண்டரை மார்க் காலி.

சி, டி ரெண்டும்தான் ஆளைச் சாய்க்கிற இடம். ஆங்கில நாடுகள்ல வந்த கட்டுரை, புத்தகம்னு எடுத்துச் சுருக்கிப் போடுவாங்க. பாடத்திட்டப்படி பிளஸ் டூ முடிக்கிற வயசுப் பையனுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய சொல் 3,000லிருந்து 3,200. அதைத் தாண்டின சொல் வந்தா பெரும்பாலும் பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள சீன அர்த்தம் போட்டுடுவாங்க. அப்ப, சொல் தெரியாததால மட்டும் மார்க் போகுதுன்னு சொல்ல முடியாது.

[திரை: ஒரே வாக்கியம் மூன்று மொழியில், சொற்களுக்கு வண்ணக் கட்டங்கள்]

அப்புறம் எதனால போகுது? ரெண்டு காரணம். முதல் காரணம் தமிழ் பேசுற நமக்கு உடனே பிடிபடும்.

"என் அக்கா நேத்து கடையில வாங்கின புத்தகம்." இதைச் சீன மொழியில சொன்னா என்ன வரிசையில வரும்? என் அக்கா, நேத்து, கடையில, வாங்கின, புத்தகம். அச்சு அசல் இதே வரிசை! வர்ணனையெல்லாம் முன்னாடி வந்து, கடைசியில பொருள் வந்து உக்காரும். ஆங்கிலம் அப்படியே உல்டா. புத்தகத்தை முதல்ல தூக்கி வச்சுட்டு, அதுக்குப் பின்னாடி ரயில்பெட்டி மாதிரி யார் வாங்கினது, எங்க, எப்பன்னு கோத்துக்கிட்டே போகும். அஞ்சு சொல்லுன்னா சமாளிச்சுடலாம். டி பத்தியில எழுவாய்க்கும் வினைச்சொல்லுக்கும் நடுவுல இருபது சொல் வந்து குந்திக்கும். வினை வர்றதுக்குள்ள எழுவாய் மறந்துடும்.

சீன ஆசிரியர்கள் இதுக்குன்னே தனிப் பயிற்சி வச்சிருக்காங்க. நீள வாக்கியத்தை எடுத்து, வர்ணனைப் பகுதியையெல்லாம் பென்சிலால அடைப்புக்குறி போட்டு ஒதுக்கணும். மிச்சம் நிக்கிறது எழுவாய், வினை, செயப்படுபொருள். முதல்ல அந்த எலும்புக்கூட்டைப் படி, அப்புறம் அடைப்புக்குறியை ஒண்ணொண்ணாத் திற. தினம் ரெண்டு மூணு வாக்கியம் போதும். கேக்க சப்புனு இருக்கும். ஆனா இருக்கிற பயிற்சிகள்லயே உருப்படியானது இதுதான்னு நான் நினைக்கிறேன்.

[திரை: டி பத்தியின் நான்கு பாராக்கள், வெற்றுக் கட்டங்களாக]

ரெண்டாவது காரணம், தப்பான விடையை எப்படிச் செதுக்குறாங்கங்கிறது. இதுக்குத்தான் கால்டன் பத்தி, அந்த வருஷத்து டி.

பத்தியோட ஓட்டம் இது. முதல் பாராவுல கால்டன். ரெண்டாவது பாராவுல அதுக்கான விளக்கம்: ஒருத்தர் கூடச் சொல்வார், ஒருத்தர் குறைச்சுச் சொல்வார், சராசரி எடுத்தா பிழை ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி இருந்து ஒரே தப்பைப் பண்ணினா பிழை கழியாது; அதனால கணிப்புகள் ஒண்ணையொண்ணு சாராம, சுதந்திரமா இருக்கணும். மூணாவது பாராவுல நவாஹாஸ்ங்கிற ஆய்வாளர் தலைமையில நடந்த புது ஆய்வு. கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சு, உள்ளுக்குள்ள பேச விட்டாங்க. அஞ்சு அஞ்சு பேரா நாலு குழு பேசி முடிச்சுச் சொன்ன கணிப்போட சராசரி, தனித்தனியாச் சொன்ன 20 பேரோட சராசரியைவிடத் துல்லியமா இருந்தது. நாலாவது பாராவுல, அந்தக் குழுவுக்குள்ள என்னதான் பேசிக்கிட்டாங்கன்னு 100 கல்லூரி மாணவர்களை வச்சுப் பார்த்த தொடர் ஆய்வு.

இப்ப கேள்வி. "ரெண்டாவது பாரா எதைப் பத்தினது?" ஒரு விடை: அந்த விளைவுக்குப் பின்னாடி இருக்கிற தர்க்கம். இன்னொரு விடை: மனுஷங்க தப்பு பண்றதுக்கான காரணங்கள்.

வீடியோவை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் யோசிங்க.

[திரை: 5 நொடி எண்ணிக்கை]

அந்தப் பாரா முழுக்க "பிழை"ங்கிற சொல் திரும்பத் திரும்ப வருது. கண்ணுல அதுதான் ஒட்டும். அதனால ரெண்டாவதைப் போடத் தோணும். ஆனா மாட்டைப் பார்த்த ஒருத்தர் ஏன் தப்பாச் சொன்னார்னு அந்தப் பாராவுல ஒரு வரி கூடக் கிடையாது. பிழைகள் ஏன் கழிஞ்சு போகுதுங்கிறதைத்தான் சொல்லுது. அதனால விடை, தர்க்கம்.

அடுத்த கேள்வி இன்னும் சூட்சுமம். "எப்படி இருந்தாக்கூட சராசரியோட துல்லியம் அதிகமாகலாம்னு நவாஹாஸ் ஆய்வு காட்டுது?" வலை விடை: கூட்டம் சின்னதா இருந்தாலும். பத்தியில "சின்னக் குழு" வருது, இல்லையா? வருது. ஆனா சின்னதா இருந்தது குழு, கூட்டம் இல்ல. பெரிய கூட்டத்தைத்தான் சின்னக் குழுவாப் பிரிச்சாங்க. பெயரடையை ஒரு பெயர்ச்சொல்லுலேர்ந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டிட்டாங்க. சாங்கோட தொப்பியை லீ தலையில வைக்கிறதுன்னு சீன வகுப்பறையில இதைச் சொல்வாங்க. சரியான விடை: கணிப்புகள் முழுசாச் சுதந்திரமா இல்லாட்டியும்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். "பத்தியில இருக்கிற அதே சொல் விடையில வந்தா அது வலை, வேற சொல்லுல மாத்திச் சொன்னதுதான் சரி"ன்னு ஒரு சூத்திரம் சீனா முழுக்கச் சுத்துது. பல சமயம் பலிக்கவும் செய்யும். ஆனா இந்தக் கேள்வியில சரியான விடையிலயே "சுதந்திரமான"ங்கிற பத்தியோட சொல் அப்படியே உக்காந்திருக்கு. சூத்திரத்தை நம்பினவன் மாட்டினான்.

சூத்திரம்னு வந்தாச்சு, இதையும் கேட்டுக்கோங்க. சீனப் பசங்க வாயில ஒரு வேடிக்கைப் பாட்டு இருக்கு. "மூணு நீளம் ஒண்ணு குட்டையா, குட்டையைப் போடு. மூணு குட்டை ஒண்ணு நீளமா, நீளத்தைப் போடு. ரெண்டுக்கு ரெண்டா, பி போடு. கண்டமேனிக்கு இருந்தா சி போடு." ஊருக்கு ஊர் வரி கொஞ்சம் மாறும். யாரும் இதை முழுசா நம்புறதில்ல. ஆனா கடைசி ரெண்டு நிமிஷத்துல 2பி பென்சிலைக் கையில வச்சுக்கிட்டு விடைத்தாள்ல கட்டம் நிரப்புறப்ப இந்தப் பாட்டு மண்டைக்குள்ள ஓடாதவன் யாரு?

[திரை: தவறுப் பதிவேட்டின் ஒரு பக்கம்]

சரி, பயிற்சிக்கு வருவோம். கடைசி வருஷத்துல மூணு சுத்து திருப்புதல் நடக்கும். முதல் சுத்துல சொல்லும் இலக்கணமும், ரெண்டாவதுல கேள்வி வகை வகையா, மூணாவதுல முழுத் தாள். நேரம் வச்சுத்தான் பயிற்சி. வாசிப்புப் பகுதி மொத்தத்துக்கும் 35 நிமிஷம்னு பல ஆசிரியர்கள் கணக்குச் சொல்வாங்க. அஞ்சு பத்தி, ஆக பத்திக்கு ஏழு நிமிஷம். தினம் ரெண்டு பத்தி, நாலு பத்தின்னு எண்ணிக்கையில போட்டி வேற.

எண்ணிக்கையில எனக்குப் பெருசா நம்பிக்கை இல்ல. பத்தி போட்டுட்டு, விடையைச் சரிபார்த்துட்டு, சிவப்புப் பேனாவால "பி இல்ல, டி"ன்னு திருத்திட்டு அடுத்த பத்திக்கு ஓடினா, அதே தப்பை நூறாவது பத்தியிலயும் பண்ணலாம். எல்லார்கிட்டயும் தவறுப் பதிவேடு இருக்கும், பள்ளிக்கூடமே வாங்கச் சொல்லும். பல பேர் அதுல கேள்வியையும் சரியான விடையையும் அழகான கையெழுத்துல எடுத்து எழுதி வச்சிருப்பாங்க. அதுல பிரயோஜனம் கம்மி. எழுத வேண்டியது ரெண்டே விஷயம். சரியான விடைக்குச் சாட்சி எந்தப் பாராவுல எத்தனாவது வரி? நான் போட்ட தப்பான விடை எந்தச் சொல்லைக் காட்டி என்னைக் கவுத்துச்சு? கால்டன் பத்திக்கு: "ரெண்டாவது பாரா. 'பிழை'ங்கிற சொல் காட்டிக் கவுத்துச்சு." அவ்வளவுதான். இருபது முப்பது பதிவு சேர்ந்தா, நாம எந்த வலையில அடிக்கடி விழறோம்னு நோட்டே காட்டிக் கொடுத்துடும். ஒருத்தர் இல்லாததை ஊகிச்சுச் சேர்ப்பார், இன்னொருத்தர் "சிலர்"ங்கிறதை "எல்லாரும்"னு படிப்பார்.

"ஏழுல அஞ்சு"க்குப் பயிற்சி வேற. அங்க காலியிடத்துக்கு முன்னாடி வரியும் பின்னாடி வரியும்தான் ஆதாரம். "அவை"ன்னு ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா, முந்தின வரியில பன்மையில ஏதாவது நிக்கணும். "ஆனால்" வந்தா திருப்பம் இருக்கணும். ஒரு இடத்துல தப்பா வச்சா அந்த வாக்கியம் போக வேண்டிய இடமும் சேர்ந்து போகும். அதனால இங்க ஒரு தப்பு பல சமயம் ரெண்டு தப்பா விழும். நிச்சயமாத் தெரிஞ்சதை முதல்ல நிரப்பு, சந்தேகத்தைக் கடைசிக்குத் தள்ளு.

[திரை: பாதியில் நிற்கும் கதைப் பக்கம், கீழே இரண்டு வெற்றுப் பாராக்கள்]

இவ்வளவு சாமர்த்தியமும் செல்லுபடியாகாத ஒரு கேள்வி அதே தாள்ல இருக்கு. எழுத்துப் பகுதியில 25 மார்க். 2016 அக்டோபர்ல செஜியாங் மாகாணத்துல முதல்ல வந்தது, இப்ப தேசியத் தாள்லயும் இருக்கு. சுமார் 350 சொல்லுல ஒரு கதையைக் கொடுத்து பாதியில நிறுத்திடுவாங்க. அடுத்து வர்ற ரெண்டு பாராவுக்கும் முதல் வரியை மட்டும் தருவாங்க. மிச்சத்தை, ஏறக்குறைய 150 சொல்லுல, நாமதான் முடிக்கணும்.

இதுல ஏ, பி, சி, டி கிடையாது, கழிச்சுக்கட்டவும் எதுவும் கிடையாது. கதையோட ஆரம்பத்துல ஒரு பையன் கூச்ச சுபாவம்னு சொல்லியிருந்தா, நம்ம முடிவுல அவன் திடீர்னு மேடை ஏறி முழங்கக் கூடாது. ஏற வைக்கணும்னா அதுக்கு ஒரு தள்ளு வேணும், அதையும் கதையிலயே தேடி எடுக்கணும். ரெண்டாவது பாராவோட முதல் வரி அவங்க கொடுத்தது. அதனால நம்மளோட முதல் பாரா அந்த வரியில கொண்டுபோய் விடணும், பாலம் உடையக் கூடாது. மூணு வருஷம் வரியைத் தேடி கட்டம் நிரப்பியே பழகினவங்க இங்க வந்து பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்க. பத்தியை முழுசா, யார் என்ன நினைக்கிறாங்கன்னு தொடர்ந்து படிச்சவங்களுக்கு இது அவ்வளவு கஷ்டமா இருக்காது.

இதை எப்படித் திருத்தி மார்க் போடுறாங்கங்கிறது ஒரு தனிக் கதை. அடுத்த வீடியோல அதை எடுத்துக்கலாம்.