பெட்டியை ஏன் ஒளிக்கிறார்கள்?

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும், டச்சு பே கடற்கரைக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்குள் வந்து புழுங்கிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். சிகரெட் பெட்டியின் நிறத்தையும் சின்னத்தையும் எடுத்துவிட்டு வெற்று உறையில் விற்றால், நாலு பேர் முன்னால் புகைப்பவரின் நடத்தை மாறுமா மாறாதா என்பது தலைப்பு. மாறும் என்கிறது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு வெடி போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். "பெட்டியில என்னத்த ஒட்டினா என்ன அக்கா, திருகோணமலையில ஆர் முழுப் பெட்டி வாங்குறது? ஒண்டு தாங்கோ எண்டுதானே கேக்கிறம்!" விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. தம்பி, உங்களிடம் வருகிறேன். அதற்கு முன் ஒரு கதை.

அவுஸ்திரேலியாவில், மெல்பேர்னில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, போன வருடம் லீவில் வந்திருந்தார். அந்த நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் எந்தக் கம்பனி என்றாலும் ஒரே சேற்றுப் பழுப்புப் பெட்டிதான். சின்னம் கிடையாது, பெயர் ஒரே எழுத்தில் ஒரே அளவில், முன்பக்கத்தில் 75 சதவீதமும் பின்பக்கத்தில் 90 சதவீதமும் எச்சரிக்கை. அண்ணா வரும்போது அப்படி ஒரு பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். பின்னேரம் கடற்கரையில் பாய் விரித்து, சுண்டல் சுருளோடு குடும்பமே உட்கார்ந்திருக்கிறோம். சட்டைப் பையில் குத்துகிறது என்று பெட்டியை எடுத்துப் பாயில் வைத்தார். முன்பக்கத்தில் ஒரு கண், இமையை இழுத்துப் பிடித்து வைத்த கண். பெரியம்மா பார்க்கிறார். அண்ணா பெட்டியைக் கவிழ்த்தார். பின்பக்கத்தில் படம் இன்னும் பெரிது! திரும்பவும் நிமிர்த்தி, மேலே போனை வைத்தார். போன் அடித்தது. போனைக் கையில் எடுத்து அந்த இடத்தில் பேர்ஸை வைத்தார். என் மகளுக்கு ஐஸ்கிறீம் வேண்டுமாம், பேர்ஸை எடுக்கவேண்டியதாயிற்று. தொப்பியைக் கழற்றி மூடினார். எங்கள் கடற்கரைக் காற்று உங்களுக்குத் தெரியும்தானே, தொப்பி போய்விட்டது, மனிதர் அதன் பின்னால் ஓடுகிறார், பாயின் நடுவில் அந்தக் கண் எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐந்து வயது மகள் பெட்டியைக் கையில் தூக்கிவிட்டாள். "மாமா, இந்தக் கண்ணுக்கு என்ன நடந்தது?" தொப்பியோடு வந்தவரிடம் திரும்பவும் கேட்டாள். ஐஸ்கிறீம் வந்த பிறகும் அதையே கேட்டாள். அண்ணா பெட்டியைக் களிசான் பைக்குள் திணித்துக்கொண்டார். இருட்டி நாங்கள் எழும்பும் வரை அவர் பற்றவைக்கவில்லை.

போன், பேர்ஸ், தொப்பி. மறந்துவிடாதீர்கள் நடுவர் அவர்களே. ஏனென்றால் மெல்பேர்னிலும் அடிலெய்டிலும் கஃபே வாசல் மேசைகளை, வெற்று உறைச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் நடந்து நடந்து எண்ணினார்கள். மேசையில் தெரிந்த பெட்டிகள் 15 சதவீதம் குறைந்தன. அங்கே இருந்து புகைத்தவர்கள் 23 சதவீதம் குறைந்தார்கள். வெளியே வைத்த பெட்டிகளில் போனாலும் பேர்ஸாலும் மூடியவற்றின் பங்கு இரு மடங்குக்கு மேல் போனது. பிள்ளைகள் இருந்த இடங்களில் குறைவு இன்னும் அதிகம். அதாவது, எங்கள் பாயில் நடந்ததுதான் அங்கே மேசை மேசையாக நடந்திருக்கிறது.

சரி, தம்பியிடம் வருவோம். நாங்கள் ஒன்றுதான் வாங்குகிறோம். ஒத்துக்கொள்கிறேன். கடை வாசலில் நுனி கனன்றபடி தொங்கும் தும்புக்கயிற்றில் பற்றவைத்துக்கொண்டு போகிறோம், பெட்டி கடைக்காரரிடமே இருக்கிறது. ஆனால் தம்பி, எல்லோரும் ஒன்று ஒன்றாக வாங்கும் ஊரில் முழுப் பெட்டியைக் கையில் கொண்டுவருகிறவர் யார்? தேத்தண்ணிக் கடை மேசையில் மோட்டார் சைக்கிள் சாவி, அதன் பக்கத்தில் போன், அதன் பக்கத்தில் பெட்டி என்று வரிசையாக வைப்பவர் யார்? வசதி இருக்கிறது என்று காட்ட வைப்பதுதானே அது! ஒற்றையாக விற்கும் ஊரில்தான் பெட்டிக்குப் பவுசு கூட. அந்தப் பவுசைப் பிடுங்கத்தான் வெற்று உறை. நீங்கள் எறிந்த கல் எங்கள் அணிக்கு அத்திவாரமாகிவிட்டது தம்பி, இனி நீங்கள் அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஒன்று வாங்குகிற பெடியனின் கண்ணில் எச்சரிக்கையே படாது என்பது உங்கள் கவலை என்றால், எங்கள் சனம் நிறைந்த கனடாவைப் பாருங்கள். ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் எச்சரிக்கை அச்சிட 2023 இல் விதி கொண்டுவந்துவிட்டார்கள். ஒற்றையிலும் அச்சிடுவோம், வாருங்கள், சேர்ந்தே கேட்போம்.

உறையால் ஒன்றும் ஆகாது என்றால் சிகரெட் கம்பனிகள் ஏன் அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்? 2012 இல் தோற்றார்கள். சில நாடுகள் உலக வர்த்தக அமைப்பு வரை கொண்டுபோன வழக்கும் 2020 இல் தோற்று முடிந்தது. அந்த நிறத்துக்கும் சின்னத்துக்கும் என்ன பெறுமதி என்று கம்பனிகளுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். என் அப்பாவின் வெள்ளைச் சட்டைப் பையில் பொன்னிற எழுத்துத் தெரியும் ஒரு பெட்டி எப்போதும் இருக்கும். முடிந்த பெட்டியை எங்களுக்குத் தருவார். என் கூடப்பிறந்த அண்ணாவும் நானும் அதற்குச் சண்டை பிடிப்போம். முன்பக்கத்தை வெட்டிச் சேர்ப்போம், உள்ளே இருக்கும் வெள்ளித்தாளை நகத்தால் தேய்த்து மட்டமாக்கிப் புத்தகத்துக்குள் வைப்போம். வீட்டில் இருந்த பொருட்களிலேயே அழகானது அதுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. முதலில் குரல் போனது. கடைசி மாதங்களில் எங்களைக் கூப்பிட கட்டில் சட்டத்தில் கரண்டியால் தட்டுவார்.

எங்கள் நாட்டுப் பெட்டியில் 2015 முதல் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம். மிச்சம் 20 சதவீதம்தான் கம்பனிக்கு. அந்தத் துண்டு இடத்தில் இன்றைக்கும் பெயர் மினுங்குகிறது. என் அண்ணா, அப்பாவின் மூத்த மகன், பின்வரிசையில் இருக்கிறார். அண்ணா, கோபிக்க வேண்டாம். போன கிழமை உங்கள் சின்னவன் உங்கள் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்தப் பொன்னிற எழுத்தை மட்டும் தடவிப் பார்த்தான். நான் கதவடியில் நின்று பார்த்தேன். அந்தத் துண்டு இடத்தையும் எடுங்கள் என்றுதான் கேட்கிறேன் நடுவர் அவர்களே. அவனுக்கு ஏழு வயது. வணக்கம்.