சியோலைச் சுமக்கும் கியோங்கி

நண்பர்களே, தென்கொரியா என்றால் நமக்கு உடனே சியோல்தான் ஞாபகம் வரும். ஆனால் சியோலைவிட மக்கள் அதிகம் வாழ்வது அதைச் சுற்றி வளைத்திருக்கும் கியோங்கி மாகாணத்தில். 1 கோடியே 35 லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டில் நான்கில் ஒருவர் கியோங்கிக்காரர்.

1946-ல் சியோல் இந்த மாகாணத்திலிருந்து பிரிந்தது. 1981-ல் இஞ்சியோன் துறைமுக நகரமும் போய்விட்டது. சியோல் பிரிந்த பிறகும் மாகாணத் தலைமை அலுவலகம் 1967 வரை சியோலிலேயேதான் இருந்தது! அப்புறம்தான் தெற்கே உள்ள சுவோன் நகரத்துக்கு மாறியது. இன்று 28 நகரங்கள், 3 கிராமப்புற வட்டங்கள்.

சியோலின் குடிநீர் எங்கிருந்து வருகிறது? ஹான் ஆற்றில், சியோலுக்குக் கிழக்கே கட்டிய பால்டாங் அணையிலிருந்து. 1975-ல் அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பாதுகாப்பு மண்டலம் அறிவித்தார்கள். நாம்யாங்ஜூ, யாங்பியோங் பக்கத்துக் கரையோர மக்கள் நினைத்தபடி ஒரு கடைகூடக் கட்ட முடியாது. தண்ணீர் குடிப்பது கீழே இருப்பவர்கள், கட்டுப்பாடு மேலே இருப்பவர்களுக்கு. 1999 முதல் தண்ணீர்க் கட்டணத்தோடு ஒரு தொகை வசூலித்து அவர்களுக்கு உதவுகிறார்கள் என்பது நியாயமான ஏற்பாடு.

வடக்கின் கதை இன்னும் கடினமானது. பாஜூவும் யோன்சோனும் வடகொரிய எல்லையில் இருக்கின்றன. அங்கே ராணுவப் பாதுகாப்பு மண்டலத்தில் வீடு கட்டவே படையின் சம்மதம் வேண்டும். சரி, எல்லைப் பகுதி, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சியோலில் நெரிசல் கூடாது என்று தொழிற்சாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்த 1982-ல் வந்த சட்டம் முழு மாகாணத்துக்கும் பொருந்தும். சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் யோன்சோனுக்கு என்ன நெரிசல்? இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

தெற்கே சுவோன், ஹ்வாசோங், பியோங்டேக்கில் சாம்சங். இச்சோனில் சிப் தயாரிக்கும் எஸ்கே ஹைனிக்ஸ். வேலையும் வரியும் அந்தப் பக்கம்தான். வடக்குக்கு உய்ஜோங்புவில் தனி அலுவலகம் இருந்தாலும் முடிவெடுப்பது சுவோன். அதனால்தான் ஹான் ஆற்றுக்கு வடக்கே உள்ள 10 நகர, வட்டங்களைத் தனி மாகாணமாக்க வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப எழுகிறது. 2023-ல் ஆளுநர் கிம் டோங்-இயோன் இதற்காக மக்கள் வாக்கெடுப்பு கேட்டார். அதே ஆண்டு கியோங்கியின் கிம்போ நகரத்தைச் சியோலோடு சேர்க்கும் யோசனையும் கிளம்பியது.

வடக்கைப் பிரிப்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் வெறும் பெயர்ப்பலகை மாற்றினால் போதாது. 1982 சட்டத்திலிருந்து எல்லையோர ஊர்களுக்கு விலக்கு வேண்டும். தெற்கின் வரிப்பணத்தில் வடக்குக்கு ஒரு பங்கு என்று சட்டத்தில் எழுதிய பிறகே பிரிக்க வேண்டும்.