ஆடி கழிந்து வரும் வெள்ளிக்கிழமைகள்

(சென்னை வடபழனிப் பகுதியில் ஒரு நூலக மாடியில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வாரம் தவறாமல் வந்து பின்வரிசையை நிரப்பும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம்.

வரப்போகும் படங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லும்படி வாசகர் வட்டத்தார் கேட்டபோது, இன்னும் வெளிவராத படத்தைப் பற்றி ஒருவன் என்ன சொல்ல முடியும் என்றுதான் முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் படம் வருவதற்கு முன்பே கருத்து வந்து காத்திருக்கிறது. ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை வரிசையாக வரும் படங்களை, குறிப்பாகச் சிறிய படங்களை, அந்த முன்கருத்து என்ன செய்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவன். அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகள் விநியோக அலுவலகங்களில் படப் பிரதிநிதியாக வேலை பார்த்தேன். தொழிலில் ‘ரெப்’ என்பார்கள். படப்பெட்டியோடு போய் அரங்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை டிக்கெட் போனது என்று எண்ணி, டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் கணக்கில் எழுதி, இரவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது அந்த வேலை. சென்னை நகரம், செங்கல்பட்டு ஏரியா என்ற இரண்டு விநியோகப் பகுதிகளிலும் நான் போகாத அரங்கு குறைவு.

ஆகஸ்டில் வருபவற்றைக் ‘கோடையின் கடைசிப் படங்கள்’ என்று சொல்லும் பேச்சு அமெரிக்காவில் பிறந்தது. அங்கே மே முதல் வாரத்தில் தொடங்கும் கோடைப் பருவம், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையோடு முடிகிறது. பெரிய படங்கள் மே, ஜூன், ஜூலையிலேயே வந்துவிடுவதால், ஆகஸ்டில் வருபவை மீந்து போனவை என்ற எண்ணம் அங்கே நெடுநாள் இருந்தது. அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய ஒரு படத்தின் இயக்குநர் நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். மனோஜ் நைட் ஷியாமளனின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ 1999 ஆகஸ்ட் 6 அன்று வெளியானது. தொடர்ந்து ஐந்து வார இறுதிகள் அமெரிக்க வசூலில் முதலிடத்தில் நின்றது. பார்த்தவர்கள் முடிவைச் சொல்லாமல், ‘போய்ப் பார்’ என்று மட்டும் சொல்லி அடுத்தவரை அனுப்பிவைத்தார்கள்.

நமக்கோ கோடை என்பது மே கடைசியில் அக்னி நட்சத்திரத்தோடு கழிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றாலும், மாலைக் காட்சிகளை ஐ.பி.எல். ஆட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஜூனில் பள்ளி திறந்ததும் வீட்டுப் பணம் சீருடைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் போகிறது. அதன் பிறகு நமக்கென்று இன்னொரு பருவம் தொடங்குகிறது. ஆடி கழியும் நேரத்தில் சுதந்திர தினமும், அதை அடுத்துக் கிருஷ்ண ஜெயந்தியும், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ விநாயகர் சதுர்த்தியும் வருகின்றன. செப்டம்பர் நடுவில் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டால், பிள்ளைகள் உள்ள வீடுகளில் தீபாவளி வரை சினிமாப் பேச்சு எழாது. ஆக, ஆடிக் கடைசிக்கும் காலாண்டுத் தேர்வுக்கும் இடையே கிடைப்பது நான்கைந்து வெள்ளிக்கிழமைகள் மட்டுமே.

அந்த வெள்ளிக்கிழமைகளில் முதலாவதை, அல்லது அதற்கு முந்திய வியாழக்கிழமையை, பெரிய நட்சத்திரத்தின் படம் எடுத்துக்கொள்கிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. அரங்கில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெரிய படம் ஓடும் வாரத்தில்தான் கேன்டீன்காரருக்கும், வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கும் பையனுக்கும் நாலு காசு மிஞ்சும். அசோக் நகர் உதயம் 2024-இல் மூடப்பட்டபோது, அந்தப் பக்கம் வளர்ந்த எத்தனையோ பேர் போய் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அரங்கு நிலைத்தால்தான் எந்தப் படமும் நிலைக்கும். வருகிற சுதந்திர தின வாரத்துப் பெரிய படத்தை முதல் நாளே போய்ப் பாருங்கள், கைதட்டிப் பாருங்கள்.

ஆனால் அந்தப் படத்தைப் பற்றிய கருத்து எங்கிருந்து உங்களுக்கு வருகிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். 2023 ஆகஸ்ட் 10 அன்று ‘ஜெயிலர்’ வெளியானபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. பெங்களூரில் அதற்கு மூன்று மணி நேரம் முன்பே திரையில் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் பிறகும் அந்த வேறுபாடு தொடர்ந்தது. கோயம்பேட்டில் ஒரு ரசிகர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதே, எல்லைக்கு அப்பால் பார்த்தவர் எழுதிய ‘முதல் பாதி சூப்பர், இரண்டாம் பாதி இழுவை’ என்ற ஒரு வரி அவர் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. பிறகு அவர் படத்தைப் பார்ப்பதில்லை. அந்த வரி சரியா என்று சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இடைவேளையில் அவர் பேசுவதும் அந்த வரியைத்தான். பெரிய படம் இதைத் தாங்கிக்கொள்ளும், ஏனென்றால் முதல் மூன்று நாள் இருக்கைகள் முன்பதிவிலேயே நிறைந்திருக்கும். சிறிய படம் தாங்காது.

முதல் வாரப் பேச்சு தவறிப்போனதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1975 ஆகஸ்ட் 15 அன்று பம்பாயில் ‘ஷோலே’ வெளியானபோது, படம் தோற்றுவிட்டது என்றே வியாபார வட்டாரம் முதலில் எழுதியது. முடிவை மாற்றி எடுக்கலாமா என்று படக்குழு யோசிக்கும் அளவுக்கு அந்தப் பேச்சு இருந்தது. அதே படம் அங்கே மினர்வா அரங்கில் ஐந்து ஆண்டுகள் ஓடியது. நம் பக்கத்தில், 1977 செப்டம்பர் 15 அன்று வந்த ‘16 வயதினிலே’ படத்தை விநியோகஸ்தர்கள் வாங்க முன்வராததால், தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். அது வெள்ளிவிழாக் கண்டது. படத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் என்று நாங்கள் எங்களை நினைத்துக்கொண்டிருந்த தொழிலில், இந்தக் கதையைப் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். 2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று ‘தங்கலான்’, ‘டிமான்ட்டி காலனி 2’, ‘ரகு தாத்தா’ என்று மூன்று தமிழ்ப் படங்கள் ஒன்றாக வந்தன. எட்டு நாள் கழித்து, 23-ஆம் தேதி, மாரி செல்வராஜின் ‘வாழை’யும், பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் வந்தன. செப்டம்பர் 5 அன்று விஜய் நடித்த பெரிய படம் வர இருந்தது. அதாவது இந்த இரண்டு படங்களுக்கும் கிடைத்த அவகாசம் பதின்மூன்று நாள். ‘வாழை’யைப் பார்த்துவிட்டு அழுதபடி வெளியே வந்தவர்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிச் சொல்லியே அதை நிலைநிறுத்தினார்கள். மற்றதைப் பற்றி, வருவதற்கு முன்பே, ‘அது விருதுப் படம், நமக்கு ஓடாது’ என்று ஒரு பேச்சு முடிந்துபோயிருந்தது. பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது என்ற செய்தியே அதற்கு எதிரான சாட்சியாக ஆனது எனக்கு வருத்தம்.

நான் அந்தப் படத்தைச் சனிக்கிழமைப் பகல் காட்சியில் பார்த்தேன். அரங்கில் இருபது பேர் இருந்திருப்போம். அந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. முதல் பத்து நிமிடம் எனக்கு முன்னால் இருந்த இளைஞர் நெளிந்துகொண்டே இருந்தார், இரண்டு முறை கைப்பேசியை எடுத்தார். பிறகு வண்டியின் உறுமலும், சேவலின் சிறகடிப்பும், காய்ந்த வெளியின் ஓசையும் அரங்கை நிறைக்க நிறைக்க, அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, முன் இருக்கையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, முகவாயை அதில் வைத்துக்கொண்டார். கடைசிவரை அப்படியே இருந்தார். வீட்டுக் கூடத்தில், மின்விசிறியும் குக்கர் விசிலும் கேட்கும் இடத்தில், அந்த ஓசைகள் அவரை அப்படி உட்கார வைத்திருக்க மாட்டா. அடுத்த வாரம் என் மனைவியை அழைத்துப்போக நினைத்தபோது எங்கள் வீட்டுப் பக்கத்து அரங்கில் அது இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு அரங்கின் கணக்கைச் சொல்ல வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளின் டிக்கெட் எண்ணிக்கையைப் பார்த்துத் திங்கட்கிழமைக் காட்சிகளை ஞாயிறு இரவே முடிவு செய்கிறார்கள். நான்கு காட்சியில் வந்த படம் இரண்டாகும். மாலைக் காட்சி போய்ப் பகல் பதினொன்றரைக்கு ஒன்று மட்டும் மிஞ்சும். வேலைக்குப் போகிறவர் யாரும் பகல் பதினொன்றரைக்கு வர முடியாது. ஆகவே அந்த ஒரு காட்சிக்கும் ஆள் இருக்காது. புதன்கிழமை அதையும் எடுத்துவிடுவார்கள். ‘படம் நன்றாக இருக்கிறதாம், அடுத்த வாரம் போகலாம்’ என்று நாம் சொல்லும் நேரத்தில் அந்தப் படத்துக்கு அடுத்த வாரமே கிடையாது. அரங்கு உரிமையாளரைக் கடிந்து பயனில்லை. அவர் கையில் இருப்பது எண்ணிக்கை மட்டும்.

அந்த எண்ணிக்கையை எழுதியவன் நான் என்பதால் ஒரு நாளை மட்டும் மறக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி, வடசென்னையில் ஓர் அரங்கு, புது இயக்குநர் ஒருவரின் படம், ஞாயிற்றுக்கிழமை மேட்னி. நான்கு டிக்கெட்தான் போயிருந்தது. பத்துப் பேராவது இல்லாமல் ரீல் ஏற்ற முடியாது, கரண்டுக் காசுகூடத் தேறாது என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், கைலியும் வெளுத்த சட்டையுமாக இருந்தவர், கவுன்டருக்குத் திரும்பிப் போய் இன்னும் ஆறு டிக்கெட் வாங்கினார். ‘நேத்து நான் பாத்துட்டேன் சார். இன்னிக்கு என் தம்பிக்குக் காட்டணும்னு கூட்டியாந்தேன். ஷோவ நிறுத்திடாதீங்க’ என்றார். படம் ஓடியது. வாசலில் நான்கு டிக்கெட்டுகளே கிழிபட்டன. கிழிபடாத ஆறும் அவர் சட்டைப் பையில், மேல் விளிம்பு தெரிய, இருந்தன. நான் கணக்கில் பத்து என்று எழுதினேன். திங்கட்கிழமை அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

வருகிற வாரங்களில் என்னென்ன வரும் என்று பட்டியல் கேட்டீர்கள். தேதிகள் கடைசி நேரம் வரை மாறும் என்பதால் பெயர்களை விட்டு, வகைகளாகச் சொல்கிறேன். முன்பு ஓடிய பேய்ப்படங்களின் அடுத்த பாகங்கள் தம் கூட்டத்தைத் தாமே அழைத்துக்கொள்ளும், அவற்றுக்கு என் பரிந்துரை தேவையில்லை. தமிழில் மொழிமாற்றி வரும் ஆங்கிலப் படங்களில், பெரிய சாகசங்களைவிட, ஆகஸ்டில் வரும் சிறிய திகில் படங்களைக் கவனியுங்கள். கோடைப் பருவம் முடியும் நேரத்தில் அங்கே துணிந்து வெளியிடுபவை பெரும்பாலும் அவைதாம். பழைய படங்களின் மறுவெளியீட்டை நானும் விரும்பிப் பார்க்கிறேன், ஆனால் ஒரு புது இயக்குநரின் மாலைக் காட்சியை அது எடுத்துக்கொள்ளும்போது என் மனம் ஒப்புவதில்லை. பழைய படத்தைக் காலைக் காட்சியில் போட்டாலும் நாம் போவோம். என் எதிர்பார்ப்பு எல்லாம் ஆகஸ்ட் 15-க்கு அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் வரும் முதல் படக்காரர்கள் மேல்தான். சுவரொட்டியில் தெரிந்த முகம் இல்லாத படம், பாட்டு முன்கூட்டியே பரவாத படம், இவற்றில் இரண்டையாவது பார்ப்பது என்று நான் ஒவ்வோர் ஆண்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நன்றாக இருந்ததில்லை. சரியில்லாத படத்தைச் சரியில்லை என்றே சொல்லியிருக்கிறேன், ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தங்கை கேட்டார், ‘நாலு வாரத்துல ஓ.டி.டி.யில வந்துடுமே ஐயா, எதுக்குச் செலவு பண்ணணும்?’ என்று. நியாயமான கேள்வி. ‘ஜெயிலரே’ ஆகஸ்ட் 10-இல் அரங்குக்கு வந்து செப்டம்பர் 7-இல் வீட்டுக்கு வந்துவிட்டது, சரியாக இருபத்தெட்டு நாள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி, இணையத்தில் பதிவு செய்தால் அதற்கொரு கட்டணம். நால்வர் குடும்பத்துக்கு மாதம் ஒரு படமே பெரிய செலவு. அதனால் எல்லாப் படங்களுக்கும் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பெரிய படம் நீங்கள் நான்கு வாரம் கழித்துப் பார்த்தாலும் நிலைக்கும். சிறிய படத்துக்கு அரங்கில் கூட்டம் இல்லாவிட்டால், அதை ஓ.டி.டி. நிறுவனம் வாங்குவதே ஐயம்தான். பெருநிறுவனத் திரைகளில் வார இறுதி விலை தாளவில்லை என்றால், குரோம்பேட்டை, வடபழனி பக்கத்துத் தனி அரங்குகளில் விலை குறைவு. கவுன்டரிலேயே வாங்கினால் பதிவுக் கட்டணமும் இல்லை.

சுதந்திர தினத்துக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை, புது இயக்குநர்களின் படங்களில் ஒன்றை மாலைக் காட்சியிலும், இன்னொன்றைச் சனிக்கிழமைப் பகலிலும் நான் பார்த்துவிடுவேன். அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலகர் இந்த மாடியைத் திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்தவர்கள் வாருங்கள், பிடித்ததோ பிடிக்காததோ, காரணத்தோடு பேசுவோம். ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டால், அரங்குகளில் திங்கட்கிழமைக் காட்சிகளை முடிவு செய்வதற்கு முன், அவரவர் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் ஒரு தொலைபேசி போட நேரம் இருக்கும்.