மெட்ரோ வந்தா ஓ.எம்.ஆர். நெரிசல் குறையுமா?

வணக்கம் மக்களே! சென்னையோட ஐ.டி. ஆபீஸ்கள் நெறைஞ்ச பழைய மகாபலிபுரம் ரோடு, அதாவது ஓ.எம்.ஆர். நடுவுல மெட்ரோ தூண்கள் எழும்பிருச்சு. ரயில் ஓடினதும் ரோடு காலியாயிடும்னு பலரும் நம்புறாங்க. அதைத் தீர்மானிக்கப் போறது ஸ்டேஷனுக்கு நடந்து வர்ற வழிதான்.

முதல்ல மாம்பலத்தைப் பாருங்க. அங்க ஸ்டேஷன் 1911-லயே வந்துருச்சு. தி.நகர் அதுக்கப்புறம், 1920-கள்ல ஏரியைத் தூர்த்து உருவாக்கினது. 1931-ல பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்துச்சு. ரயிலை விட்டு இறங்கினவங்க நடந்துதான் போகணும். அதனால வீடும் கடையும் நடை தூரத்துலயே நெருக்கமா வந்துச்சு. இன்னிக்கும் ஸ்டேஷன்ல இறங்கினா ரங்கநாதன் தெரு, அது முடிஞ்சா உஸ்மான் ரோடு. கார் தேவையே இல்ல.

ஓ.எம்.ஆர்-ல கதை தலைகீழ். 2000-ல டைடல் பார்க்னு ஐ.டி. ஆபீஸ் வளாகம் வந்துச்சு. 2008-ல மத்திய கைலாஷ்ல இருந்து சிறுசேரி வரைக்கும் சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலை. ரோடு நல்லா ஆனதும் தூரத்து ஊரெல்லாம் கிட்ட வந்துருச்சு. நாவலூர்லயும் படூர்லயும் அடுக்குமாடி எழும்புச்சு, ஒவ்வொரு வீட்டுக்கும் கார் பார்க்கிங்கோட. அந்தக் கார் எல்லாம் சேர்ந்து அதே ரோட்டை நிரப்பிருச்சு. அகலப்படுத்தின ரோடு திரும்ப நெரியுறதுக்குக் காரணம் இதுதான்.

இங்க இன்னொரு சிக்கலும் இருக்கு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். மேற்கே பெருங்குடியில இருந்து சோழிங்கநல்லூர் பக்கம் வரைக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதைத் தொடக் கூடாது, மழைத்தண்ணி போய்ச் சேர்ற இடம். அதனால துரைப்பாக்கம்–பல்லாவரம் ரோடு, சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் ரோடுன்னு குறுக்கு வழி விரல் விட்டு எண்ணுற அளவுதான். பக்கத்துத் தெருவுல பால் வாங்கணும்னாலும் பல பேர் மெயின் ரோட்டுக்கு வந்துதான் திரும்பணும்.

ரயிலோட பலம் பெருசு, மறுக்கவே இல்ல. ஒரு லேன்ல மணிக்கு 800 கார், காருக்கு ஒன்றரை பேர்னு வச்சா 1,200 பேர். ஆயிரம் பேர் ஏறுற ரயிலை மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு விட்டா 20,000 பேர். ஆனா அந்த 20,000 பேர் பிளாட்ஃபாரத்துக்கு எப்படி வருவாங்க? தூண் மேல ஓடுற பழைய பறக்கும் ரயில்ல அந்தச் சிக்கலைப் பார்த்தாச்சு. கால்வாய்க் கரையில இடம் சுலபமா கிடைச்சுதுன்னு ஸ்டேஷனை அங்கேயே கட்டினாங்க. பஸ் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம்னு ஆனதால பல கட்டடம் வெறிச்சோடிக் கிடந்துச்சு. டைடல் பார்க் பக்கத்துல இருக்குற திருவான்மியூர் மாதிரி சில ஸ்டேஷன்லதான் ஆபீஸ் நேரத்துல கூட்டம்.

அதனால மெட்ரோவை நம்பி வீடு வாங்குறவங்க, விளம்பரத்துல போடுற "500 மீட்டர்" கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. அது மேப்ல கோடு போட்டு அளந்ததா இருக்கலாம். குடியிருப்போட கேட்ல இருந்து ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் நடந்து பாருங்க. நடுவுல ஒரு பெரிய வளாகத்தோட காம்பவுண்ட் சுவர் இருந்தா, 300 மீட்டர் ஒரு கிலோமீட்டராயிடும். படிக்கட்டு ரோட்டோட எந்தப் பக்கம் இறங்குது, ஆறு வழியைக் கடக்க சிக்னலோ நடைமேம்பாலமோ இருக்கான்னு பாருங்க. நடைபாதை தடையில்லாம 1.8 மீட்டர் அகலம் வேணும்னு ரோட்டுக்கான அளவுகளை வகுக்குற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸோட விதியே சொல்லுது. டிரான்ஸ்ஃபார்மரும் பைக்கும் போக எவ்வளவு மிச்சம்னு டேப் வச்சு அளங்க.

திட்டமிடுறவங்க செய்ய வேண்டியதும் இருக்கு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில திறந்தவெளிக்குன்னு 10 சதவீதம் தானப்பத்திரமா எழுதி வாங்குறாங்க. அதே அனுமதியிலயே, ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போக 3 மீட்டர் நடைவழியும் பொதுவுக்குன்னு எழுதி வாங்கணும். கட்டடம் எழும்பினப்புறம் கேட்டா கிடைக்காது.

ஏற்கெனவே கட்டின இடத்துல வழி ஒண்ணுதான்: பின் சுவர்ல ஆள் மட்டும் போற கேட். அதுக்கு வெளிய பொதுத் தெரு இருக்கான்னு முதல்ல பாருங்க. ஒரு காவலாளி, ரெண்டு பக்கமும் விளக்கு, சக்கர நாற்காலி போற அளவுக்குச் சாய்தளம் போதும். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல இதைப் பேசுங்க, ஸ்டேஷன் திறக்குறதுக்கு முன்னாடியே.