சாவடிக்கு எதற்குக் கிரில் கேட்?

(ஊர்ச் சாவடியைப் புதுப்பிக்கும் குழுவினர் கூட்டிய கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மழை வரும்போல இருக்கிறது, சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் காதோடு சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

சாயங்காலம் வந்ததும் முதலில் சாவடியைத்தான் போய்ப் பார்த்தேன். ஓடு பாதி சரிந்திருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. ஆனால் உள்ளே நாலு பேர் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கான கட்டம் தரைக்கல்லிலேயே வெட்டியிருக்கிறது. எந்தக் காலத்தில் வெட்டியதோ! பிறகு குழுவினர் திட்டத்தைக் காட்டினார்கள். தரைக்குப் பளபளப்பான டைல்ஸ், சுவருக்கு சிமெண்ட் பூச்சு, வாசலில் பெயர்ப் பலகை, பாதுகாப்புக்குக் கிரில் கேட். சரி, இதைப் பற்றியே பேசிவிடலாம் என்று, எழுதி வந்த தாளைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிய தகுதி கிடையாது. எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்தவனே நான்தான். வண்டி நிறுத்த இடம் வேண்டியிருந்தது, இரண்டு நாளில் வேலை முடிந்தது. அந்தத் திண்ணையில் தினமும் மத்தியானம் பூக்கார அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்து உட்காருவார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். இடித்த மறுநாள் அந்த அம்மா வந்து, நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதுச்சேரிக்குப் போனவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். எல்லோரும் கடற்கரைப் பக்கம் போய் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வோம். கால்வாயைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. அங்குள்ள பழைய வீடுகளின் முகப்பைப் பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுக்கூரை, அதுதான் தாழ்வாரம். வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் யாரும் ஒதுங்கலாம். அதற்கு உள்ளே திண்ணை. அது வந்தவர்கள் உட்காரும் இடம். அதற்குப் பிறகுதான் கதவு, முற்றம் எல்லாம். தெருவில் போகிறவருக்கு வீட்டுக்காரர் எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது. ஒரு வீட்டை இடித்துத் தெரு விளிம்பு வரை கான்கிரீட் எழுப்பினால் அந்த ஒரு வீட்டின் அழகோடு சேதம் நிற்பதில்லை, தெரு முழுக்க ஓடிய நிழல் அந்த இடத்தில் அறுந்துபோகிறது.

அதனால்தான் அங்கே வைசியாள் வீதியில் செய்த வேலையைப் பெரிதாக நினைக்கிறேன். 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோ ஆகிய ஊர்களும் பங்கெடுத்த திட்டம் அது. மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று செய்தது. தனி மாளிகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெருகேற்றாமல், தெருவையே ஒன்றாக எடுத்துக்கொண்டு, மக்கள் குடியிருக்கும் வீடுகளின் முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்த வீதிக்குக் கிடைத்தது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சீர்செய்த பழைய வீடுகள் பல ஊர்களில் மெல்ல விடுதிகளாக மாறிவருகின்றன. திண்ணை இருக்கிறது, காபி வாங்காமல் உட்கார முடியாது. அதற்குப் பேர் திண்ணையா?

அதே புதுச்சேரியில் கடற்கரையில் மேரி கட்டடம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம். பழுதாகிக் கிடந்தது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். கண்ணுக்கு அப்படியே இருக்கிறது. ஆனாலும் அது பழைய கட்டடத்தின் நகல்தான். ஒழுகும்போதே கூரை ஏறிப் பார்க்க ஆள் இருந்திருந்தால் நகல் எடுக்க வேண்டியிருக்காது.

ஆள் என்றதும் கொத்தனார் பேச்சு வந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே நாம் செய்யும் கெடுதல் இது. மரக்கட்டைமேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவசத்தில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிடிக்கவைக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையை இன்று போடத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கிற பக்குவம் ஏட்டில் படித்து வராது, கையில்தான் வரும். சாவடி வேலைக்கு வெளியூரிலிருந்து ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரைக் கூட்டிவாருங்கள். கூடவே இந்த ஊர்ப் பையன்கள் நாலு பேரைக் கூலி கொடுத்துச் சித்தாளாக நிறுத்துங்கள். இளைஞர் நலத் திட்டம் என்று தனியாக ஒரு தீர்மானம் போட வேண்டியதே இல்லை. சாவடி வேலை முடிவதற்குள் கையில் ஒரு தொழிலின் தொடக்கம் இருக்கும்.

அடுத்து கூத்து. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கூத்தைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடத்தினால் மத்தியானம் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் ஆகாயத்தைப் பார்த்துக் கிடக்க, பாஞ்சாலி கூந்தல் முடிகிற அந்தக் காலையில் ஊரில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். இந்தக் கலையை விருதுகளால் மட்டும் உயிரோடு வைத்திருக்க முடியாது. தாம்பூலம் வைத்துக் கூத்துக் குழுவான ஜமாவை அழைக்கும் ஊர்கள் இருக்கிற வரைக்கும்தான் அது தொழில்.

காஞ்சிபுரம் பக்கம் கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் மற்ற கலைஞர்களும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் புஞ்சரசந்தாங்கல் என்ற கிராமத்தில் அதன் குருகுலம் வந்தது. பிள்ளைகள் தங்கி, காலையில் அடவும் பாட்டும் முகவீணையும் மத்தளமும், அதோடு பள்ளிப் பாடமும் படித்தார்கள். கூத்தா, படிப்பா என்று ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேட்கக் கூடாது என்பது எவ்வளவு எளிமையான யோசனை! அப்புறம், அங்கே பெண்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஆம்பிளைகளே திரௌபதி வேஷம் கட்டிவந்த கலையில் பெண்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி அர்ஜுனனாகவும் துரியோதனனாகவும் இறங்கினார்கள். கட்டிக் கொடுக்கும் இடத்தில் என்ன சொல்வார்களோ என்ற பயத்தை மீறி அனுப்பிய பெற்றோரை நான் கும்பிடுகிறேன். 2020இல் அந்தக் குருகுலம் முடிந்துபோனது. ஆனால் அதன் வழியாக வந்த பெண்கள் இன்று மேடையில் இருக்கிறார்கள். மரபைக் காப்பாற்றியவர்கள் யார் என்று கேட்டால், அதில் அதுவரை இடமே இல்லாமல் இருந்த அந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நான் பேசியதற்கு அர்த்தமில்லை. ஊர்ச் சாவடி, ஊர்த் திருவிழா என்கிறோம். அந்த ஊர் எந்தத் தெருவோடு முடிந்தது? இந்தச் சாவடியில் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அப்படித்தான். பூக்கார அம்மா உட்கார்ந்தார், வேறு சிலர் தெருவிலேயே நின்றார்கள். பழையதைப் பழையபடியே மீட்கிறோம் என்றால் அதையும் சேர்த்தா மீட்கப் போகிறோம்? தூணையும் ஓட்டையும் அப்படியே வையுங்கள். உட்காரும் ஆட்களின் பட்டியல் மட்டும் பழையபடி இருக்க வேண்டாம். குழுவில் பதினோரு பேர் என்றார்கள். மேடையில் பார்க்கிறேன், எல்லோரும் என் வயதுக்காரர்கள், எல்லோரும் ஆண்கள். முப்பது வயதுக்குள் இரண்டு பேர், பெண்கள் இரண்டு பேர், காலனியிலிருந்து இரண்டு பேர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் வந்தபிறகு திட்டத்தை இன்னொரு தடவை எடுத்துப் பேசுங்கள்.

சாவடியில் என்ன நடத்துவது என்று ஒருவர் கேட்டார். பக்கத்து ஊரில் ஜமா இருக்கிறதாமே, சனிக்கிழமை சாயங்காலம் வாத்தியாரை வரச்சொல்லி அடவு பழகலாம். மற்ற நாளில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும், ஒரு விளக்கு போதும். ஆடுபுலி ஆட்டக்காரர்களை எழுப்பிவிடாதீர்கள். ராத்திரி நேரத்தில் ஒரு வீட்டுக்கு முன்னால் சந்தேகப்படும்படி யாராவது நின்றால் முதலில் பார்க்கப்போவது அவர்கள்தான்.

கேட் விஷயத்துக்கு வருகிறேன். பூட்டு என்று ஒன்று வந்துவிட்டால் சாவி யாரிடம் என்ற கேள்வி வரும். சாவி ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டுப் படி ஏறிக் கேட்க முடியாதவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று பொருளாளர் சொன்னார். இன்னும் கம்பி வெட்டவில்லை என்றால், அந்தப் பணத்துக்கு உட்கார்ந்து படிக்க நாலு பெஞ்சு செய்து தர முடியுமா என்று நாளைக் காலையில் ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள்.

தூறல் விழுந்துவிட்டது. நன்றி, வணக்கம்.