நீளம் ஒன்றுதான், எடை ஏன் வேறு? ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் படிக்கும் வித்தை

(திரையில்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கெளுத்திகள்)

இந்த இரண்டு மீனையும் நல்லா பாருங்கள். இரண்டுமே 50 சென்டிமீட்டர். ஒன்று 1 கிலோ இருக்கிறது, மற்றது 700 கிராம்தான். நீளத்தை மட்டும் எழுதி வைத்திருந்தால், இதில் ஒன்று பட்டினி கிடக்கிறது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

மீனைப் பற்றி ரெண்டே வரி. கிளாரியஸ் கேரிபினஸ், ஆப்பிரிக்கக் கெளுத்தி. எத்தியோப்பியாவின் தானா, ஹவாசா, சிவாய் ஏரிகளிலிருந்து தென்னாப்பிரிக்காவின் சிபாயா ஏரி வரை வாழ்கிறது; காற்றையும் சுவாசிக்கும். இந்தியாவில் இதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது, அதைத் தனி வீடியோவில் பேசலாம்.

சரி, எடைக்கு வருவோம். மனிதர்களுக்கு பிஎம்ஐ பார்க்கிறோமே, அதுபோல மீனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மீன்வள ஆய்வாளர் ஃபுல்டன் பெயரில் வழங்குவது. கிராமில் எடையை எடுத்து, சென்டிமீட்டரில் நீளத்தின் கனத்தால் (நீளம் × நீளம் × நீளம்) வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். நம் முதல் மீனுக்கு 0.8 வரும், இரண்டாவதுக்கு 0.56. வகுப்பது ஏன் கனத்தால்? மீன் நீளும்போதே அகலமும் உயரமும் கூடுகின்றன. அதே உடல்வாகோடு நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். 25 சென்டிமீட்டரில் 125 கிராம் இருந்த மீன் இருமுறை இரட்டித்து ஒரு மீட்டராக வளர்ந்தால் 8 கிலோ!

மெலிந்த கெளுத்தியைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். தலை முழுக்க எலும்புத் தகடு, அது சுருங்காது. உடல்தான் வற்றும். அதனால் தலை பெருத்து, வால் பக்கம் ஒல்லியாகத் தெரியும்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். இந்த மீனுக்கு எத்தனை வயது? பல மீன்களுக்குச் செதிலில் உள்ள வளையங்களை எண்ணுவார்கள். கெளுத்திக்குச் செதிலே கிடையாது! அதனால் ஆய்வாளர்கள் தோள் துடுப்பின் முள்ளை மெல்லிய வில்லையாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மீனவர் கையைக் கிழிக்கிறதே, அதே முள்தான். ஆனால் மீன் வளர வளர முள்ளின் நடுவில் இருக்கும் குழியும் பெரிதாகி, முதல் வருடங்களின் வளையங்களை அழித்துவிடுகிறது. கிழட்டு மீன் இளசு போலத் தெரியும். அப்போது காதுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கல்லை எடுத்து, அதிலுள்ள வளையங்களை எண்ண வேண்டியிருக்கிறது. இந்த ஆப்பிரிக்க ஏரிகள் பலவற்றில் கடும் குளிர்காலமே இல்லை; மழைக்கும் வறட்சிக்கும் இடையில் வளர்ச்சி தளர்வதால்தான் கோடு விழுகிறது. எந்தக் கோடு உண்மையான வருடக் கோடு என்று தீர்மானிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள். இந்த வேலையைச் செய்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வயதும் நீளமும் கையில் இருந்தால் வளர்ச்சி வரைபடம் போடலாம்: முதலில் வேகம், பிறகு மந்தம்.

வளர்ச்சி ஏரிக்கு ஏரி மாறுவதற்கு முக்கியக் காரணம் சாப்பாடு. பூச்சி, நத்தை, சிறு மீன் என்று எதையும் விடாது. செவுளில் நெருக்கமாக இருக்கும் முட்களால் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளைக்கூட வடிகட்டித் தின்னும். ஆனால் சிபாயா மாதிரி தெளிந்த, சத்து குறைந்த ஏரியில் வடிகட்டவும் அதிகம் இருக்காது. அங்கே 1970களில் ஆராய்ந்த மைக் புரூட்டன், இவை இரவில் கரையோரம் வந்து கூட்டமாகச் சிறு மீன்களை வளைத்துப் பிடிப்பதைப் பதிவு செய்தார்.

ஒரு எச்சரிக்கை. மழைக்கு முன் பெண் மீன் சினை நிறைந்து கனக்கும், முட்டையிட்டதும் எடை சட்டென்று குறையும். அதைப் பட்டினி என்று நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் கவனமான ஆய்வுகளில் குடலையும் சினையையும் எடுத்துவிட்டு மீண்டும் எடை போடுகிறார்கள்.

உங்கள் ஊர் ஏரியில் கெளுத்திக்கு எந்த மாதம் சினை பிடிக்கிறது? தெரிந்தவர்களிடம் கேட்டு கமெண்டில் எழுதுங்கள்.