சைக்கோசிஸின் தொடக்கமும் கையசைவும்

(திரையில்: மேசை மேல் ஒரு கை. முஷ்டி, கையின் விளிம்பு, உள்ளங்கை என்று மாறி மாறி வைக்கிறது.)

லூரியா என்ற சோவியத் நரம்பு உளவியலாளரின் பெயரோடு அறியப்படும் சோதனை இது. பார்க்க எளிது. வரிசை மாறாமல் வேகமாகச் செய்வது எல்லோருக்கும் எளிதல்ல.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் இருபது வயதுப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். சில மாதமாக ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, பக்கத்து மெஷின்காரர் மேல் தீராத சந்தேகம். இப்படி நிஜம் எது என்பது குழம்பிப்போகும் மனநோய் நிலைதான் சைக்கோசிஸ். மருத்துவர் இந்தச் சோதனையைக் கொடுத்தால் அவனுக்கு வரிசை குழம்பலாம். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் 3 என்று எழுதினால், என்ன எண் என்று சொல்லத் திணறலாம். குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடந்தால் தள்ளாடலாம்.

இவற்றை மென் நரம்பியல் அறிகுறிகள் என்கிறார்கள். பக்கவாதம் போல மூளையின் ஒரே இடத்தை இவை சுட்டுவதில்லை. சிறுமூளை, மூளையின் நடுவில் உள்ள தலாமஸ், பெருமூளையின் மேலடுக்கான புறணி எல்லாம் சேர்ந்து இயங்குவதில் உள்ள குறையோடு தொடர்புடையவை.

“மாத்திரையாலதானுங்க கை இப்படி ஆச்சு” என்று வீட்டில் சொல்வார்கள். மாத்திரையே தொடாதவர்களிடமும் இவை காணப்படுகின்றன. மருந்தால் வரும் நடுக்கமும் விறைப்பும் வேறு. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்ற முடியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்ப வந்துவிடும் ஆபத்து அதில்தான் இருக்கிறது.

(திரையில்: ஒரே ஆளின் இரண்டு சோதனைத் தாள்கள், ஒரு வருட இடைவெளியில்.)

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது தாள். நோய் நன்றாகத் தணிந்தவர்களில் இந்த அறிகுறிகள், குறிப்பாக அசைவு சார்ந்தவை, பெரும்பாலும் குறைகின்றன. நோய் நீடிப்பவர்களில் அதிகமாகத் தங்கிவிடுகின்றன. 1989இல் வெளிவந்த 26 சோதனைகள் கொண்ட அளவுகோல் ஒன்று இந்த அறிகுறிகளை அளக்கப் பயன்படுகிறது. ஒருநாள் மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அப்புறம், நலமாக இருப்பவர்களிடமும் இவற்றில் சில உண்டு. நோயாளியின் கூடப் பிறந்தவர்களிடமும் உண்டு. அதனால் வீட்டில் சோதித்துப் பார்த்துப் பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டிவிடாதீர்கள்.

குரல், சந்தேகம், தூக்கமின்மை, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது: இவைதான் மருத்துவரிடம் போக வேண்டிய காரணங்கள். மந்திரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாதங்களைக் கடத்த வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரத்திலும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.